எம்.எஸ். மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்த ஜீன் டெஸ்ட் கேக்கணும், ரிப்போர்ட்ட எப்படி படிக்கணும்

எம்.எஸ்.னா மல்டிபிள் ஸ்கெலரோசிஸ், நம்ம இம்யூன் சிஸ்டமே மூளை, தண்டுவட நரம்புங்கள தாக்கற நோய். அது இருக்கற வீட்ல எல்லாரும் பயந்து பயந்து பேசறது அந்த காஸ்ட்லி மருந்துங்கள பத்திதான், ஊசியா டிரிப்ஸா, இன்ஃபெக்‌ஷன் வருமா, இன்சூரன்ஸ்ல வருமா வராதான்னு. ஆனா ஜீன்னால வர்ற சைடு எஃபெக்ட்னு எடுத்துக்கிட்டா நான் அதிகமா கவலப்படறது தெருமுனை மெடிக்கல்ல சாதாரணமா கெடைக்கற சின்ன மாத்திரைங்கள பத்திதான். அசாதயோப்ரின், கார்பமசெபின், யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு குடுக்கற நைட்ரோஃபுராண்டாயின், இந்த மாதிரி. இத எழுதி குடுக்கறவர் எப்பவும் நியூரோ டாக்டரா இருப்பார்னு இல்ல, பல் டாக்டரா இருக்கலாம், வீட்டு பக்கத்து கிளினிக் டாக்டரா இருக்கலாம், அவர் கைல நம்ம ஜீன் ரிப்போர்ட் இல்லன்னா அவருக்கு எப்படி தெரியும். என் தங்கச்சிக்கு எம்.எஸ்., அவ ஃபைல தூக்கிட்டு சுத்தறது நான்தான். நான் டாக்டர் இல்ல, அதனால இத படிச்சிட்டு யாரும் தானா எந்த மாத்திரையும் நிறுத்திடாதீங்க, ஆரம்பிச்சிடவும் செய்யாதீங்க. என்ன கேக்கணும், எப்ப கேக்கணும்னு மட்டும் தெரிஞ்சிக்கோங்க.

மொதல்ல ஒரு விஷயம் புரிஞ்சிக்கணும், ஜீன்னால வர்ற மருந்து பிரச்சனை முக்கியமா ரெண்டு விதம். ஒண்ணு, லிவர்லயும் ரத்த செல்லுக்குள்ளயும் மருந்த ஒடைச்சு வெளிய தள்ற என்சைம் மெதுவா வேல செய்யறது, அடைச்சுக்கிட்ட சிங்க்ல தண்ணி தேங்கற மாதிரி மருந்து உள்ளயே தேங்கிடும், மத்தவங்களுக்கு சரியான டோஸ் இவங்களுக்கு ஓவர் டோஸ். இதுல டோஸ கொறச்சா பெரும்பாலும் சமாளிக்கலாம். ரெண்டாவது விதம் எச்.எல்.ஏ. சமாச்சாரம், அது நம்ம இம்யூன் சிஸ்டத்தோட அடையாள அட்டை மாதிரியான ஜீன், அதுல ஒரு குறிப்பிட்ட டைப் இருந்தா சில மருந்த உடம்பு எதிரின்னு நெனச்சு தோலையே தாக்க ஆரம்பிச்சிடலாம், அதுல டோஸ் கொறச்சு பாக்கலாம்ங்கற பேச்சுக்கே எடம் இல்ல, அந்த மருந்தே வேண்டாம்.

இத தவிர எச்.எல்.ஏ-டி.ஆர்.பி.1*15:01னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, அது எம்.எஸ். வர்ற வாய்ப்பு சம்பந்தப்பட்டது, மருந்து சைடு எஃபெக்ட்டுக்கும் அதுக்கும் முடிச்சு போடாதீங்க. எச்சில் துப்பி அனுப்பற வீட்டு கிட்ல இது பாசிட்டிவ்னு வந்துடுச்சேன்னு சிலர் கொழம்பறாங்க, அத வெச்சு எந்த மாத்திரையையும் முடிவு பண்ண முடியாது.

சரி, வேலைய ஆரம்பிக்கலாம். வீட்ல இருக்கற எல்லா ஸ்ட்ரிப்பையும் எடுத்து மேசை மேல கொட்டுங்க, இப்ப சாப்பிடறது, முன்ன சாப்பிட்டு மீதி இருக்கறது, வலிக்கு எப்பவாவது போடறது எல்லாம். கம்பெனி பேர விடுங்க, அதுக்கு கீழ பொடி எழுத்துல இருக்கும் பாருங்க உள்ள இருக்கற மருந்தோட பேரு, அத எழுதுங்க. இமுரான்னு இருந்தாலும் அசோரான்னு இருந்தாலும் உள்ள அசாதயோப்ரின்தான். டெக்ரிடால், மசெட்டால் ரெண்டும் கார்பமசெபின்தான். இந்த லிஸ்ட்ட வெச்சுக்கிட்டு கீழ உள்ளத படிங்க.

அசாதயோப்ரின்லேந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நம்ம பக்கம் இதுதான் ரொம்ப முக்கியம். வெளிநாட்ல எம்.எஸ்.க்கு இத இப்ப பெருசா குடுக்கறதில்ல, ஆனா நம்ம ஊர்ல விலை கம்மிங்கறதால எம்.எஸ்.க்கும் குடுக்கறாங்க, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கற என்.எம்.ஓ.ங்கற நோய்க்கு இன்னும் அதிகமாவே குடுக்கறாங்க. இந்த மருந்து உடம்புக்குள்ள போய் வேற பொருளா மாறி வெள்ளை அணுக்கள அடக்கும், அந்த பொருள் ரொம்ப சேந்துடாம பாத்துக்கறது ரெண்டு ஜீன், டி.பி.எம்.டி. ஒண்ணு, என்.யு.டி.டி.15 இன்னொண்ணு, டாக்டருங்க பேச்சுல நட் ஃபிஃப்டீன். பழைய புத்தகங்கள்ல டி.பி.எம்.டி. மட்டும்தான் இருக்கும், ஏன்னா ஐரோப்பாக்காரங்கள்ல அதுதான் பிரச்சனை பண்ற ஜீன், சுமார் 300 பேர்ல ஒருத்தருக்கு அது சுத்தமா வேல செய்யாது. ஆனா ஆசியாவுல டி.பி.எம்.டி. நல்லா இருக்கறவங்களுக்கும் வெள்ளை அணு சரசரன்னு எறங்கறத பாத்துட்டு, ஏன் ஏன்னு தேடி, 2014-ல கொரியாவுல குடல் நோயாளிகள்கிட்ட செஞ்ச ஆராய்ச்சிலதான் நட் 15 மாட்டிச்சு. நம்ம இந்தியர்கள்லயும் டி.பி.எம்.டி. கோளாற விட நட் 15 கோளாறுதான் அதிகம், ஒவ்வொரு ஜீன்லயும் அம்மாகிட்டேந்து ஒண்ணு, அப்பாகிட்டேந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பி இருக்கும், சுமார் நூத்துக்கு பத்து பேராவது இதுல ஒரு காப்பி மாறினது வெச்சிருப்பாங்க.

அதனாலதான் இத இவ்ளோ அழுத்தி சொல்றேன், லேபுல டி.பி.எம்.டி. மட்டும் எடுத்து நார்மல்னு குடுத்தா நம்ம ஆளுங்களுக்கு பாதி கேள்விக்கு கூட பதில் கெடைக்கல. ரெண்டும் சேத்து கேளுங்க. நட் 15-ல குறிப்பா பாக்க வேண்டியது 415 சி>டி-னு எழுதற மாற்றம், ரிப்போர்ட்ல அத *3-ன்னும் போடுவாங்க. ஒரு காப்பி மாறியிருந்தா டோஸ கொறச்சு, சாதாரண டோஸ்ல 30லேந்து 80 சதவீதம் அளவுல மட்டும் ஆரம்பிக்க சொல்லி சர்வதேச வழிகாட்டு குறிப்பு இருக்கு. ரெண்டு காப்பியும் மாறியிருந்தா கேன்சர் இல்லாத நோய்க்கு இந்த மருந்தே வேண்டாம், வேற பாருங்கன்னு சொல்றாங்க.

டெஸ்ட் எடுக்காமயே ஆரம்பிச்சாச்சுன்னா தலையணைய பாருங்க. ரெண்டு காப்பியும் மாறினவங்களுக்கு முதல் சில வாரத்துலயே முடி கொத்து கொத்தா கொட்டும், சீப்புல நாலு முடி வர்றத சொல்லல, தலைய தடவினா கையோட வர்றது. அது ஷாம்பூ பிரச்சனையோ சென்னை உப்பு தண்ணி பிரச்சனையோ கெடையாது, பின்னாடியே வெள்ளை அணு விழப்போகுதுன்னு அர்த்தம், அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணி ரத்த அணுக்கள எண்ணற சிபிசி டெஸ்ட் எடுக்கணும். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேந்து வந்தா கிளினிக் டோக்கன் போட்டு உக்காராதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போங்க.

அடுத்தது கார்பமசெபின். எம்.எஸ்.ல சில பேருக்கு மூஞ்சில ஷாக் அடிக்கற மாதிரி வலி வரும், பல் தேய்ச்சாலே காத்து பட்டாலே சுரீர்னு இழுக்கும், கை கால் திடீர்னு முறுக்கிக்கிட்டு சில நொடி இழுக்கறதும் உண்டு. ரெண்டுக்கும் இந்த மாத்திரை நல்லாவே கேக்கும், அத மறுக்கல. பல் வலின்னு நெனச்சு பல் டாக்டர்கிட்ட போயி அங்க எழுதி வர்றவங்க நெறைய. என் தங்கச்சிக்கும் அப்படிதான் ஒரு எடத்துல எழுதினாங்க, மெடிக்கல்ல தம்பிகிட்ட கேட்டா "சாதா நரம்பு மாத்திரைதான்கா, எல்லாரும் வாங்கறதுதான்"னு சொன்னாரு, அவர் சொன்னதும் உண்மைதான், எல்லாரும் வாங்கறாங்க, பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா எச்.எல்.ஏ-பி*15:02 இருக்கறவங்களுக்கு ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம்னு ஒண்ணு வரலாம், தீக்காயம் பட்ட மாதிரி தோல் உரியும், கண்ணு வாயி எல்லாம் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து. 2004-ல தைவான்ல இப்படி கார்பமசெபின்னால பாதிக்கப்பட்ட 44 பேர பாத்தாங்க, 44 பேருக்கும் இந்த ஜீன் இருந்தது. 2007-ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆசிய வம்சாவளிக்காரங்களுக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுங்கன்னு சொல்லிடுச்சு, மருந்து லேபிள்லயே இந்தியர்கள் உள்பட தெற்காசியர்கள்ல சுமார் 2லேந்து 4 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம்னு போட்டிருக்கு, சில சமூகங்கள்ல இன்னும் கூடவே.

பாசிட்டிவ்னா கார்பமசெபின் வேண்டாம், அதோட தம்பி ஆக்ஸ்கார்பசெபினும் வேண்டாம், ஃபிட்ஸ் மாத்திரை ஃபெனிடாயின்லயும் ஜாக்கிரதை. மூஞ்சி வலிக்கு கபாபென்டின், பிரிகாபலின், பேக்லோஃபென்னு வேற வழி இருக்கு, டாக்டர்கிட்ட பேசலாம். நெகட்டிவ்னா முழுசா நிம்மதின்னும் இல்ல, எச்.எல்.ஏ-ஏ*31:01னு இன்னொரு டைப்பும் அலர்ஜிய கொண்டு வரும், முடிஞ்சா ரெண்டையும் சேத்து கேளுங்க. மாத்திரை ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு மாசம்தான் முக்கியமான காலம், அந்த நேரத்துல காய்ச்சலோட தோல் செவந்தா, கண் எரிஞ்சா, வாயில புண் வந்தா, தொட்டா தோல் வலிச்சா அடுத்த வேளை மாத்திரைய போடாம உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, இந்த ஒரு விஷயத்துல மட்டும் காத்திருக்க கூடாது. ஏற்கனவே பல வருஷமா எந்த தொந்தரவும் இல்லாம இத சாப்பிட்டுட்டு இருக்கீங்கன்னா பயந்து நிறுத்தாதீங்க, ஆபத்தான காலம் எப்பவோ தாண்டியாச்சு.

சிபோனிமாட் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதுல டாக்டரே டெஸ்ட் கேட்டுடுவாரு. செகண்டரி புரோகிரசிவ்னு சொல்ற, கொஞ்சம் கொஞ்சமா மோசமாகிட்டே போற கட்டத்துல இருக்கற எம்.எஸ்.க்கு 2019-ல அமெரிக்காவுல அனுமதி கெடைச்ச மாத்திரை, இந்த மருந்த ஒடைக்கற என்சைமோட ஜீனான சி.ஒய்.பி.2சி9 ரிப்போர்ட் இல்லாம ஆரம்பிக்கவே கூடாதுன்னு லேபிள்லயே இருக்கு. *3/*3 வந்தா அந்த மருந்து கெடையாது, *1/*3 இல்ல *2/*3 வந்தா தினசரி 1 மில்லிகிராம், மத்தவங்களுக்கு 2 மில்லிகிராம். புதுச்சேரி ஜிப்மர்ல தென்னிந்தியர்கள வெச்சு இந்த ஜீன ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, அதுல *3 காப்பி நூத்துல சுமார் 8, அதாவது நம்ம ஆளுங்ககிட்ட அரிதான சமாச்சாரம் கெடையாது. அப்புறம் இந்த ஒரு ரிப்போர்ட் ஃபெனிடாயினுக்கும் ரத்தம் உறையாம இருக்க குடுக்கற வார்ஃபரினுக்கும் உதவும், அதனால சிபோனிமாட் வேண்டாம்னு முடிவானாலும் பேப்பர தூக்கி போடாதீங்க.

யூரின் இன்ஃபெக்‌ஷன் எம்.எஸ்.ல திரும்ப திரும்ப வர்ற தலைவலி, அதுக்கு நைட்ரோஃபுராண்டாயின் எழுதுவாங்க, நிஃப்ட்ரான்னு பேர் பாத்திருப்பீங்க. ஜி6பி.டி. என்சைம் கம்மியா இருக்கறவங்களுக்கு இதனால சிவப்பணு ஒடைஞ்சு யூரின் கோக் கலர்ல போகலாம், கண் மஞ்சளாகலாம். இது எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால ஆம்பளைங்களுக்கு அதிகம், ஆனா பொம்பளைங்களுக்கு வரவே வராதுன்னு இல்ல. இதுக்கு ஜீன் டெஸ்ட்டே வேணும்னு இல்ல, சாதாரண ஜி6பி.டி. ரத்த டெஸ்ட் போதும், ரொம்ப லேபுல எடுக்கறாங்க. ரத்தம் ஏத்தின பிறகோ சிவப்பணு ஒடைஞ்சுட்டு இருக்கற நேரத்துலயோ எடுத்தா தப்பா நார்மல்னு காட்டலாம், நல்லா இருக்கற நேரத்துல எடுத்து வெச்சுடுங்க.

தூக்கத்துக்கும் எரிச்சல் வலிக்கும் குடுக்கற அமிட்ரிப்டிலின், மனசு சரியில்லன்னு குடுக்கற எஸ்சிடலோபிராம், இதெல்லாம் சி.ஒய்.பி.2டி6, சி.ஒய்.பி.2சி19னு ரெண்டு லிவர் என்சைம் வழியா போகும். இதுக்குன்னு தனியா செலவு பண்ண வேண்டாம்னு என் அபிப்ராயம், கொஞ்சம் டோஸ்ல ஆரம்பிச்சு ஏத்தினாலே தெரிஞ்சிடும். பல ஜீன ஒண்ணா பாக்கற பேனல் டெஸ்ட்ல சேந்து வந்தா சந்தோஷம்.

இன்னும் டெஸ்ட்டா வராத விஷயங்களும் இருக்கு. எம்.எஸ்.க்கு ஊசியா போடற இன்டர்ஃபெரான் பீட்டாவால லிவர் பாதிக்கறதுக்கும் ஐ.ஆர்.எஃப்.6 ஜீன் பக்கத்துல இருக்கற ஒரு மாற்றத்துக்கும் தொடர்பு இருக்குன்னு 2018-ல வந்தது, ஆனா அத வெச்சு யாரும் மருந்து முடிவு பண்றதில்ல, லிவர் டெஸ்ட் எடுத்துட்டே போறதுதான் வழி. எம்.எஸ்.க்கு டிரிப்ஸா போடற நடாலிசுமாப்னால வர்ற பி.எம்.எல். மூளை இன்ஃபெக்‌ஷனுக்கும் நாலு அரிய ஜீன் மாற்றங்கள சொல்லியிருக்காங்க, அதுவும் அன்றாட வைத்தியத்துக்கு வரல, இப்போதைக்கு முடிவு பண்றது பி.எம்.எல்.ல உண்டாக்கற ஜே.சி. வைரஸுக்கான ஆன்டிபாடி டெஸ்ட், அது ஜீன் டெஸ்ட் கெடையாது, திரும்ப திரும்ப எடுக்கணும். இங்க ஒண்ணு கவனிங்க, முன்னாடி அசாதயோப்ரின் சாப்பிட்டிருந்தா நடாலிசுமாப்ல பி.எம்.எல். ஆபத்து கூடும், அதனால பழைய மருந்து லிஸ்ட்ல அது கண்டிப்பா இருக்கணும்.

டாக்டர்கிட்ட எப்படி கேக்கறதுன்னு நெறைய பேருக்கு தயக்கம், ஏதோ அவர சந்தேகப்படற மாதிரி ஆயிடுமோன்னு. ஓபில அஞ்சு நிமிஷம்தான் கெடைக்கும், ஜிஎச்-ல இன்னும் கம்மி, அதனால ஒரே வரியா எழுதி கொண்டு போங்க: "டாக்டர், அசாதயோப்ரின் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டி.பி.எம்.டி.யும் நட் 15-ம் பாத்துடலாமா, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் என்ன பண்ணலாம்?" அந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம். ரிப்போர்ட்டுக்காக வைத்தியம் நின்னு போகக்கூடாது, ரிலாப்ஸ், அதாவது எம்.எஸ். தொந்தரவு திடீர்னு கெளம்பறது, வந்து ஸ்டீராய்டு டிரிப்ஸ் போட சொன்னா போட்டுக்கோங்க, மேல சொன்ன எந்த ஜீனும் அதுக்கு தடை இல்ல. காசு இல்லன்னா அதையும் வெளிப்படையா சொல்லுங்க, டெஸ்ட் எடுக்க முடியாதவங்களுக்கு கொஞ்சம் டோஸ்ல ஆரம்பிச்சு வாரா வாரம் சிபிசி பாத்து ஏத்தற வழியும் இருக்கு, டாக்டர் அத யோசிப்பாரு.

லேபுக்கு போகும்போது வெறும் வயிறு தேவையில்ல, ஊதா மூடி டியூப்ல கொஞ்சம் ரத்தம், அவ்ளோதான், பெரும்பாலும் சாம்பிள் வெளியூர் லேபுக்குதான் போகும், அதனால வர ஒரு வாரமோ கூடவோ ஆகலாம். பில் போடறதுக்கு முன்னாடி கவுன்டர்லயே கேளுங்க, எந்தெந்த மாற்றம் பாப்பீங்கன்னு. நட் 15-ல 415 சி>டி இருக்கா, டி.பி.எம்.டி.ல *2, *3ஏ, *3சி இருக்கா, 2சி9-ல *2-ம் *3-ம் இருக்கா. எச்.எல்.ஏ.வுக்கு வெறும் பி15னு வர்ற ரிப்போர்ட் நமக்கு பிரயோஜனம் இல்ல, 15:01-ம் 15:02-ம் வேற வேற, முழு நம்பரோட வேணும்னு சொல்லுங்க. டி.பி.எம்.டி. என்சைம் அளவு பாக்கற டெஸ்ட்டும் உண்டு, சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தா அது குடுத்தவரோட அளவ காட்டிடும், அப்போ ஜீன் டெஸ்ட்தான் எடுக்கணும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதல் பக்கத்துல பச்சை கலர்ல நார்மல்னு போட்டிருக்கறத மட்டும் பாத்துட்டு மூடாதீங்க. நட்சத்திர குறி போட்டு ரெண்டு நம்பர் இருக்கும், அம்மாகிட்டேந்து வந்த காப்பி ஒண்ணு, அப்பாகிட்டேந்து வந்தது ஒண்ணு. *1/*1னா அவங்க தேடின மாற்றங்கள் எதுவும் இல்லன்னு அர்த்தம், தேடாதத பத்தி அந்த பேப்பர் ஒண்ணும் சொல்லாது. கடைசி பக்கத்துல பொடி எழுத்துல "சோதிக்கப்பட்டவை"ன்னு ஒரு கட்டம் இருக்கும், நட் 15 அதுல இருக்கான்னு விரல் வெச்சு தேடுங்க. பேரு, வயசு, சாம்பிள் தேதி சரியா இருக்கான்னும் பாருங்க, இந்த பேப்பர் ஆயுசுக்கும் கூட வரப்போகுது, ஜீன் மாறாது, திரும்ப எடுக்க வேண்டியதில்ல.

ஜீன் நல்லா வந்துடுச்சுன்னு ரத்த டெஸ்ட்ட விட்டுடறவங்கள பாத்தா எனக்கு நெஜமா பதறும். அசாதயோப்ரின்ல முதல் மாசம் வாரா வாரம், அடுத்த ரெண்டு மாசம் மாசத்துக்கு ரெண்டு தடவ, அப்புறம் மாசா மாசம் சிபிசி பாக்கணும்னு மருந்து குறிப்புலயே இருக்கு, ஜீன் எப்படி இருந்தாலும் சரி. இன்னொண்ணு, கூட போடற மருந்தே ஜீன கெடுத்த மாதிரி ஆக்கிடும். யூரிக் ஆசிட்டுக்கு குடுக்கற அலோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட் ரெண்டும் அசாதயோப்ரின் வெளியேற்ற இன்னொரு வழிய அடைச்சிடும், ரெண்டும் சேந்தா வெள்ளை அணு அபாயமா விழும், பாதம் வலிக்குதுன்னு அப்பாவோட மாத்திரைய எடுத்து போட்டுக்கறதெல்லாம் கூடவே கூடாது. சிபோனிமாட் சாப்பிடறவங்க படை, அரிப்புக்கு குடுக்கற ஃபுளூகோனசோல் போட்டா *1/*1 இருந்தாலும் மருந்து தேங்கும், கார்பமசெபின் சேத்தா நேர்மாறா சிபோனிமாட் வேகமா கரைஞ்சு போயிடும்.

குடும்பத்துக்கும் இது பொருந்தும். நம்ம வீடுகள்ல மாமன் பொண்ண கட்டறது, தாய்மாமனையே கட்டறது உண்டு, அப்படிப்பட்ட கல்யாணத்துல பொறந்தவங்களுக்கு ஒரே மாறின காப்பி ரெண்டு பக்கத்துலேந்தும் வர்ற வாய்ப்பு கொஞ்சம் அதிகம், யார் மேலயும் குத்தம் சொல்ல இல்ல, டாக்டர்கிட்ட அந்த விவரத்த சொல்லணும்ங்கறதுக்காக சொல்றேன். ஒருத்தருக்கு 2சி9-ல *3/*3 வந்தா கூடப்பொறந்தவங்களுக்கும் அதே வர 4-ல 1 வாய்ப்பாவது இருக்கு, அவங்களுக்கு எம்.எஸ். இல்லாம இருக்கலாம், ஆனா வார்ஃபரினோ ஃபிட்ஸ் மாத்திரையோ எப்பவாவது தேவைப்படலாம், அதனால சொல்லி வெச்சிடுங்க. எச்.எல்.ஏ. 15:02-க்கு ஒரு காப்பி இருந்தாலே போதும், அதனால கூடப்பொறந்தவங்களுக்கு 2-ல 1 வாய்ப்பாவது இருக்கு.

கடைசியா கார்டு. ஏடிஎம் கார்டு சைஸ்ல ஒரு பேப்பர், லேமினேஷன் பண்ணி பர்ஸ்ல. முன்பக்கம் பேரு, ரத்த குரூப், எம்.எஸ்., நியூரோ டாக்டர் நம்பர், இப்ப சாப்பிடற மருந்து. பின்பக்கம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ரிசல்ட்: நட் 15 எது, டி.பி.எம்.டி. எது, 2சி9 எது, 15:02 பாசிட்டிவா நெகட்டிவா, ஜி6பி.டி. எவ்ளோ. அதுக்கு கீழ செவப்பு மையில எது கூடாதோ அந்த மருந்தோட உள் பேரு, கம்பெனி பேரு ரெண்டும். ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து வீட்ல ரெண்டு பேர் போன்ல வெச்சுக்கோங்க, வழக்கமா வாங்கற மெடிக்கல்லயும் ஒரு காப்பி குடுங்க, அவங்க கம்ப்யூட்டர்ல உங்க பேருக்கு நேரா போட்டு வெக்க சொல்லுங்க. மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்கு சென்னைல கிளை இருக்கு, எந்த லேபுல எது எடுக்கறாங்கன்னு ஏற்கனவே எடுத்தவங்க அங்க சொல்லுவாங்க, தனியா தேடி அலையறத விட கேட்டுட்டு போங்க. மருந்து மாறினா அன்னைக்கே முன்பக்கத்த மாத்தி புதுசா பிரிண்ட் எடுங்க, பின்பக்கம் அப்படியே இருக்கட்டும்.